ஆட்சேபணையுடன்

ராதாபுரத்தில் ஒரு வாடகைக் கட்டடம்.
கீழே உரக்கடை, மேலே
நில எடுப்பு தனி வட்டாட்சியர் அலுவலகம்.
தினக்கூலித் தட்டச்சு எனக்கு.
ஆடிக் காற்றில் தாள் பறக்காமலிருக்கக்
கல் வைத்திருப்போம்.
அதுவும் எல்லைக்கல்லில் உடைந்த துண்டுதான்.

எங்கள் தெருவில் எடுப்பு என்றால்
புது மூக்குத்தியைச் சொல்வார்கள்.
இங்கே வந்துதான் மற்றதைப் படித்தேன்.
பழைய கோப்புகளில் அது ஆர்ஜிதம்.
பீடிக் கம்பெனியில் கணக்கெழுதி
அப்பா வாங்கின ஒன்றரை சென்ட்டையும்
பத்திரம் சுயார்ஜிதம் என்றே சொல்கிறது.
சம்பாதித்ததற்கும் எடுத்துக்கொண்டதற்கும்
ஒரே சொல்லில் எப்படிப் பொருந்தியதோ.
ஜப்தி கொஞ்சம் யோக்கியமான சொல்,
கதவைத் தட்டுகிற சத்தம்
அதிலேயே இருக்கிறது.
கையகப்படுத்துதல் அப்படியில்லை.
சத்தமில்லாமல் வந்து
பாதி வரியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.
மணி அடித்துவிடும் நடுவிலேயே.

ஆவாரம்விளை, புல எண் 214/3பி.
பொது நோக்கம்: துணை மின்நிலையம்.
புஞ்சை, ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்.
பனை, பாளை விடுவது, பதினேழு.
வடலி முப்பத்தொன்று.
கிணறு ஒன்று, பாழ்.
சர்வேயர் எழுதித் தந்தார், அடித்தேன்.
மூன்று கார்பன், நாலு பிரதி.

தவசிலிங்கம் படியேறி வந்தது
அடுத்த செவ்வாய்க்கிழமை.
மடியிலிருந்து ஒரு கால் குப்பியை எடுத்து
என் மேசையில் வைத்தார்.
உள்ளே தண்ணீர்.
'பாழ்னு அடிச்சிருக்கியளே தாயி,
காலையில கோருனது இது.
சித்திரையிலயும் ரெண்டாள் மட்டம் நிக்கும்.
குடிச்சுப் பாத்துட்டு அடியுங்க.'

தாசில்தார் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
கெட்டவரில்லை. மகள் கல்யாணத்துக்கு
லீவு கேட்டுக் கிடைக்காதவர்.
'எந்தக் கெணத்துல கோருனீரோ
எனக்கு என்னவே தெரியும்?'
குப்பியைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார்.

மத்தியானம் யாருமில்லாதபோது குடித்தேன்.
லேசாக உப்புக் கரித்தது.
அவ்வளவுதான், தண்ணீர்.

தொகை வாங்குகிற நாளில்
வரிசை உரக்கடை வரை நின்றது.
கைநாட்டுக்காரர்களின் பெருவிரலைப் பிடித்து
மையில் அழுத்துவது என் வேலை.
அவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்.
'பெத்துக்கொண்டேன்னு மட்டும் எழுதாதிய,' என்றேன்
பதிவேட்டைப் பார்த்தபடியே.
'முன்னால ஒரு சொல்லு போடணும்.
அது இல்லன்னா கோர்ட்டு எட்டிப் பாக்காது.'
'என்ன சொல்லு?'
வாயால் சொல்லப் பயம்.
பேனாவைத் திருப்பி
அவர் உள்ளங்கையில் எழுதினேன்.

கையைப் பார்த்துப் பார்த்து
மெதுவாக வரைந்தார்.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
வேர்வையில் ஓரெழுத்து கரைந்திருக்க வேண்டும்:
ஆச்சேபனையுடன் பெற்றுக்கொண்டேன்.
தாசில்தார் படித்தார்.
'யாருவே சொல்லிக் குடுத்தா?'
'படிச்சதுதான்யா,' என்று
கையை மூடிக்கொண்டார்.

பங்குனியில் என்னை நிறுத்திவிட்டார்கள்.
வழக்கு பாளையங்கோட்டைக்குப் போனதாகக் கேள்வி.
திசையன்விளை பஸ்ஸில் போனால்
இடப்பக்கம் கம்பிவேலி, சரளை,
இரைந்துகொண்டே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள்.
பதினேழில் இரண்டு பனை வேலிக்கு வெளியே.
கிணறு எந்த இடமென்று சொல்ல முடியவில்லை.

எழுத்துப் பிழைக்காக அந்தச் சொல்
செல்லாமல் போகுமா என்று
ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன்.
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
'அதெல்லாம் செல்லும்' என்றார்.
நான் பாழ் என்று அடித்ததில்
ஒரு பிழையும் இல்லை.
நாலு பிரதியிலும் அது
தெளிவாகவே விழுந்திருந்தது.